ஷீட்ல இழுத்தது மூணே செல், வைஃபை டீம் வாங்கின திட்டு ரெண்டு வாரம்

“டெஸ்க்ல உக்காந்தா வீடியோ நல்லா வருது, லேப்டாப்பைத் தூக்கிட்டு வைஃபைக்குப் போனா மூஞ்சி கட்டம் கட்டமா உடையுது.” இந்த கம்ப்ளெயின்ட் முதல்ல ஒரு சைட்ல இருந்து வந்துச்சு, அப்புறம் நாலு சைட், அப்புறம் தினமும் பத்து டிக்கெட். வைஃபைல மட்டும் பிரச்சினைன்னா யாரைக் கேப்பாங்க, வைஃபை டீமைத்தான். அவங்களும் பாவம், சேனல் மாத்தினாங்க, பவரைக் குறைச்சாங்க, கூட்டினாங்க, ஒரு சைட்ல ஆக்சஸ் பாயின்டையே கழட்டி வேற மாட்டினாங்க. சரியே ஆகல. ஏன்னா தப்பு காத்துல இல்ல, என் எக்செல் ஷீட்ல இருந்துச்சு. அதுவும் ரெண்டு வாரம் கழிச்சுதான் எனக்கே தெரிஞ்சுச்சு.

டிராஃபிக் கிளாசிபிகேஷன் ரூல்ஸை ஷீட்ல போட்டு மொத்தமா இம்போர்ட் பண்ற வேலையை இப்ப ரொம்ப நாளா பண்ணிட்டிருக்கேன், அதுல நான் விழுந்த குழிகளை எழுதி வெச்சா இன்னொருத்தர் விழாம போவாருன்னு எழுதுறேன்.

இது பத்தி அவ்வளவா பழக்கம் இல்லாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். லிங்க்ல போற பாக்கெட் எல்லாத்தையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாதுன்னு, இது வாய்ஸ், இது வீடியோ, இது பேக்கப்னு தரம் பிரிச்சு ஒவ்வொண்ணு மேலயும் ஒரு நம்பர் குத்தி விடுவோம். அதான் டிஎஸ்சிபி. ஐபி ஹெட்டர்ல 6 பிட், அதனால 0ல இருந்து 63 வரைக்கும். வாய்ஸுக்கு வழக்கமா ஈஎஃப், அதாவது 46. வீடியோ மீட்டிங்குக்கு ஏஎஃப்41, அதாவது 34. நடுவுல இருக்கிற ரௌட்டர் எல்லாம் அந்த நம்பரைப் பாத்து எந்த க்யூல போடணும், நெரிசல் வந்தா எதை முதல்ல தூக்கிப் போடணும்னு முடிவு பண்ணும். எந்த ஐபி, எந்த போர்ட் (மெஷின்ல எந்த சேவைன்னு காட்டுற எண்ணு), எந்த அப்ளிகேஷன் வந்தா எந்த நம்பர்னு சொல்றதுதான் ரூல். ஈஎஃப், ஏஎஃப்41 மாதிரி பேரைத்தான் கிளாஸ்னு சொல்வோம்.

எங்ககிட்ட 212 சைட். ஒவ்வொரு சைட்லயும் வீடியோவுக்கு மூணு ரூல், டெஸ்க் சப்நெட்டுக்கு (அங்க இருக்கிற ஐபிக் கூட்டத்துக்கு) ஒண்ணு, மீட்டிங் ரூமுக்கு ஒண்ணு, வைஃபைக்கு ஒண்ணு. மீட்டிங் அப்ளிகேஷனை மாத்தினதால 636 ரூல்லயும் போர்ட்டையும் கிளாஸையும் மாத்தணும். ஸ்க்ரீன்ல ஒரு ரூலைத் திறந்து மாத்தி சேவ் பண்ண ஒரு நிமிஷம்னு வெச்சாலும் பத்து மணி நேரத்துக்கு மேல, அதுவும் கண்ணு சொருகாம. மேனேஜ்மென்ட் டூல்ல எக்ஸ்போர்ட், இம்போர்ட்னு ரெண்டு பட்டன் இருக்கு, எக்ஸ்போர்ட் பண்ணேன், ஷீட்டைத் திறந்தேன்.

கிளாஸ் காலம்ல, அதாவது கிளாஸுக்கான நெடுவரிசைல, முதல் சைட்டோட முதல் ரூல்ல ஏஎஃப்41ன்னு டைப் பண்ணேன். கீழ ரெண்டு ரோவுக்கும் அதேதானேன்னு செல்லோட மூலையைப் பிடிச்சு இழுத்தேன். அந்த மூணு செல்லை காப்பி பண்ணி மீதி 633 ரோவுக்கும் பேஸ்ட் பண்ணேன். மேல இருக்கிற முதல் ரோவைப் பாத்தேன், ஏஎஃப்41. கடைசி ரோவைப் பாக்கவே இல்ல. இம்போர்ட் கொடுத்தேன், 636 ரூல் வெற்றிகரமா அப்டேட் ஆச்சுன்னு பச்சைக் கலர்ல வந்துச்சு, வீட்டுக்குப் போய்ட்டேன்.

என்ன நடந்துச்சுன்னு இப்பவே சிலருக்குப் புரிஞ்சிருக்கும். கடைசில எண்ணு இருக்கிற எழுத்தை கீழ இழுத்தா ஷீட் அதை வரிசைன்னு நினைச்சு ஒண்ணு ஒண்ணா கூட்டும். டெஸ்க்குக்கு ஏஎஃப்41, மீட்டிங் ரூமுக்கு ஏஎஃப்42, வைஃபைக்கு ஏஎஃப்43. மூணுமே நிஜமா இருக்கிற கிளாஸ்தான், அதனால டூல் ஒரு வார்த்தை கேக்கல. ஏஎஃப் குடும்பத்துல நாலு வகுப்பு, ஒவ்வொண்ணுலயும் மூணு படி, மொத்தம் 12 பேர்தான், 1999ல வந்த ஆர்எஃப்சி 2597ங்கற இன்டர்நெட் தரநிலைல இருக்கிற கணக்கு அது. முதல் எண்ணு எந்த க்யூன்னு சொல்லும், ரெண்டாவது எண்ணு நெரிசல்ல யாரை முதல்ல பலி கொடுக்கணும்னு சொல்லும். ஏஎஃப்43 முதல்ல சாகும், அப்புறம் ஏஎஃப்42, கடைசிலதான் ஏஎஃப்41. இன்னொரு கொடுமை, ஏஎஃப்44னு ஒண்ணு கிடையாது. சைட்டுக்கு நாலாவதா ஒரு சப்நெட் இருந்திருந்தா இம்போர்ட் அங்கேயே கத்தியிருக்கும், நானும் அன்னிக்கே தப்பிச்சிருப்பேன். மூணே மூணு இருந்ததுதான் என் தலையெழுத்து.

நெரிசல் இல்லாத நேரத்துல மூணுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. காலைல எல்லாரும் மீட்டிங்ல உக்காரும்போதுதான் க்யூ நிரம்பும், டபிள்யூரெட்னு நெரிசல்ல பாக்கெட்டைத் தூக்கிப் போடுற ஏற்பாடு வேலையை ஆரம்பிக்கும், வைஃபைக்காரங்க வீடியோவை முதல்ல உருவிப் போடும். வைஃபை டீம் ராத்திரி டெஸ்ட் பண்ணுவாங்க, எல்லாம் பளிச்சுன்னு இருக்கும். நாங்க பிங் போட்டுப் பாப்போம், அதுவும் சுத்தமா இருக்கும், ஏன்னா பிங் போற க்யூவே வேற. கடைசில ஒரு சைட்ல வேன் லிங்க் (சைட்டை வெளிய இணைக்கிற லைன்) பக்கம் கேப்சர் எடுத்தோம், அதாவது போற பாக்கெட்டைப் பிடிச்சு உள்ள பாத்தோம். டிஎஸ்சிபி உக்காந்திருக்கிற பைட்டுக்குப் பழைய பேர் டிஓஎஸ், அந்தக் கணக்குல டிஓஎஸ் பைட் 136 இருக்கணும், ஏன்னா டிஎஸ்சிபியை நாலால பெருக்கினா வர்றது அது, 34 இன்டு 4. வந்தது 152. நாலால வகுத்தா 38. “38ஆ, அதை நாம எங்கயுமே யூஸ் பண்றதில்லயே”ன்னு எங்க சீனியர் சொன்னார், சொல்லிட்டு மெதுவா என் பக்கம் திரும்பினார். “ஷீட்டை எடுப்பா.”

அந்த அஞ்சு நிமிஷத்தைப் பத்தி எழுத வேண்டாம்.

ஆனா அன்னைல இருந்து ஒரு விஷயம் மண்டைல உக்காந்துடுச்சு. ஃபயர்வால் ரூல்ல தப்பு பண்ணா ஒரு நிமிஷத்துல ஃபோன் வரும், ஏதோ ஒண்ணு வேலை செய்யாது, யாரோ கத்துவாங்க, நீங்க திரும்பப் போட்டுடுவீங்க. கிளாசிபிகேஷன் ரூல்ல தப்பு பண்ணா எதுவுமே நிக்காது. பாக்கெட் போகும், வெப்சைட் திறக்கும், மானிட்டரிங் டாஷ்போர்ட் பச்சையா இருக்கும். லிங்க் நிரம்புற அன்னிக்குத்தான் வெளிய வரும், அதுவும் வேற யாரோட தப்பு மாதிரியோ வேஷம் போட்டுட்டு வரும். அதனால இம்போர்ட்ல ரிஜெக்ட் ஆன ரோவைப் பாத்து நான் இப்பல்லாம் கவலைப்படறதே இல்ல, அது சிவப்புல நிக்கும், சரி பண்ணிக்கலாம். ஏத்துக்கிட்ட ரோவைப் பாத்துத்தான் பயம்.

அந்தப் பயத்தோட பழைய ஷீட்டெல்லாம் தோண்ட ஆரம்பிச்சேன். கிடைச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, பிடிச்சதுன்னா வயித்தைக் கலக்கினது, போர்ட் காலம்ல இருந்துச்சு. டிஎன்எஸ் (வெப்சைட் பேரை ஐபியா மாத்துற சேவை) டிராஃபிக்குக்கு 53, அப்புறம் டிஎல்எஸ் மேல, அதாவது என்கிரிப்ட் ஆகிப் போற டிஎன்எஸ்ஸுக்கு 853, ரெண்டையும் கமா போட்டு 53,853ன்னு ஒருத்தர் டைப் பண்ணியிருக்கார். ஷீட் அதை ஐம்பத்து மூவாயிரத்து எண்ணூத்தி ஐம்பத்து மூணுன்னு எடுத்துக்கிச்சு. கமா ஆயிரத்துக்குப் போடுற கமாவாம். திரையில பாத்தா அப்பவும் 53,853ன்னே தெரியும், கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல, ஆனா ஃபைலுக்குள்ள உக்காந்திருக்கிறது 53853. நாங்க வழக்கமா எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலையே நேரா ஏத்துறதால டூல் உள்ள இருக்கிற எண்ணைத்தான் படிக்கும். போர்ட்ல உச்சம் 65535, அதுக்குள்ளதான் இருக்கு, சந்தோஷமா ஏத்துக்கிச்சு. இதே தப்பை 80,443ன்னு பண்ணியிருந்தா 80443 ஆகி எல்லை தாண்டி ரிஜெக்ட் ஆகியிருக்கும். 22,443ம் 25,587ம் சத்தமில்லாம உள்ள போய்டும். அந்த டிஎன்எஸ் ரூல் எத்தனை மாசமா ஒரு பாக்கெட்டைக்கூடப் பிடிக்காம சும்மா உக்காந்திருந்துச்சோ.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கு. நாம அலைன்மென்ட் எதுவும் மாத்தாத வரைக்கும் ஷீட் எழுத்தை இடது பக்கமும் எண்ணை வலது பக்கமும் ஒட்டி வைக்கும். போர்ட் லிஸ்ட் காலம்ல ஏதாவது ஒண்ணு வலது பக்கம் சாஞ்சு நின்னா சந்தேகப்படுங்க. நான் எங்க டெம்ப்ளேட்ல கமாவையே தூக்கிட்டேன், ரெண்டு போர்ட்னா ரெண்டு ரோ, அவ்வளவுதான். ஷீட் நீளமாகும்னு ஒருத்தர் முனகினார். ஆகட்டும், பத்து லட்சத்து 48 ஆயிரத்து சொச்சம் ரோ இருக்கு எக்செல்ல, எங்ககிட்ட இருக்கிறது ரெண்டாயிரத்து சொச்சம் ரூல்.

இழுக்கிற வியாதி சப்நெட்லயும் வரும். 10.20.0.0/24ஐ இழுத்தா அடுத்தது 10.20.1.0/24ன்னு வரும்னு ஒரு நப்பாசை, ஆனா கடைசில இருக்கிற எண்ணுதானே கூடும், வர்றது /25, /26, /27. /32க்கு மேல கிடையாது, அதனால ஒன்பதாவது இழுப்புலதான் /33 வந்து டூல் கத்தும். அதுக்கு முன்னாடி இருக்கிற எட்டும் செல்லுபடியாகிற சப்நெட், ஒவ்வொண்ணும் முன்னாடி இருக்கிறதுல பாதி. அதாவது மாடியில பாதிப் பேருக்கு வாய்ஸ் நல்லா வரும், பாதிப் பேருக்கு வராது, காரணம் யாருக்கும் புரியாது. சைட் கோடு எங்ககிட்ட கட்டிடம் ஹைஃபன் மாடின்னு இருக்கும், 5-12ன்னா அஞ்சாவது கட்டிடம் பன்னெண்டாவது மாடி. அது தேதியா மாறிடும், உள்ள 45 ஆயிரம் 46 ஆயிரம்னு ஏதோ ஒரு எண்ணு உக்காந்திருக்கும். இதுக்கு நாம மட்டும் அழல. மனுஷங்களோட ஜீனுக்குப் பேர் வைக்கிற கமிட்டி 2020ல மார்ச்1, செப்ட்1 மாதிரி பேரையெல்லாம் மார்ச்எஃப்1, செப்டின்1னு மாத்தினாங்க, எக்செல் தேதியாக்கிடுதுன்னு அதுவும் ஒரு காரணம். ஜீனோட பேரே மாறிடுச்சு, நம்ம சைட் கோடு எம்மாத்திரம்னு நானும் ஹைஃபனை எடுத்துட்டு நடுவுல எம்னு ஒரு எழுத்தைப் போட்டுட்டேன்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத குப்பை. மெயில்ல இருந்து காப்பி பண்ணா ஐபிக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வரும், சாதாரண ஸ்பேஸ்னா பரவாயில்ல, டிரிம் பண்ணா போய்டும், சில நேரம் உடையாத ஸ்பேஸ்னு ஒரு ஜாதி வரும், அது டிரிம்முக்கும் அசையாது. டாக்குமென்ட்ல இருந்து போர்ட் ரேஞ்ச் எடுத்தா நடுவுல இருக்கிறது ஹைஃபனா இருக்காது, கொஞ்சம் நீளமான டேஷா இருக்கும், பாத்தா ஒண்ணு போலவே இருக்கும். எக்செல்ல சிஎஸ்வி யுடிஎஃப்-8னு சேவ் பண்ணா ஃபைல் தொடக்கத்துல பிஓஎம்னு கண்ணுக்குத் தெரியாத மூணு பைட் அடையாளம் சேரும், அதனால முதல் காலம் பேரை டூலுக்கு அடையாளம் தெரியாது. எங்க டூல்ல அடையாளம் தெரியாத காலத்தை சும்மா விட்டுடும். முதல் காலம்தான் ரூல் ஐடி. ஐடி இல்லன்னா அது என்ன நினைக்கும், புது ரூல்னு நினைக்கும். ஒரு நாள் காலைல பாத்தா எல்லா ரூலும் ரெண்டு ரெண்டா நிக்குது.

அந்த ஐடி காலத்தை அதுக்கு முன்னாடி ஒரு தடவை நானே கையால டெலீட் பண்ணதும் உண்டு, பாக்க நீளமா அசிங்கமா இருக்கு, எதுக்குன்னு. எக்ஸ்போர்ட்ல வர்ற எந்தக் காலத்தையும், புரியலன்னாலும், தொடாதீங்க. வேணும்னா மறைச்சு வைங்க.

மறைக்கிறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஃபில்டர் போட்டுட்டு பேஸ்ட் பண்றதும் ஒரு கண்டம். நீங்க ஃபில்டர்ல பாக்கிறது பத்து ரோ, நடுவுல மறைஞ்சு கிடக்கிற நாப்பது ரோவுலயும் போய் விழுமா விழாதாங்கறது ஷீட்டுக்கு ஷீட், நீங்க பேஸ்ட் பண்ற விதத்துக்கு விதம் மாறும். நான் இப்பல்லாம் ஃபில்டர்ல பேஸ்டே பண்றதில்ல, தேவையான ரோவைத் தனி டேபுக்கு எடுத்து மாத்திட்டு ஐடியை வெச்சு திரும்ப சேக்கறேன்.

வரிசை விஷயத்துக்கு வர்றேன், இது பெருசு. பெரும்பாலான சிஸ்டத்துல மேல இருந்து கீழ பாத்துட்டு வந்து முதல்ல பொருந்தின ரூலோட நின்னுடும். எங்க எக்ஸ்போர்ட்ல வரிசை எண்ணுன்னு தனிக் காலமே கிடையாது, ரோ எந்த இடத்துல இருக்கோ அதான் வரிசை. நான் பாக்கறதுக்கு வசதியா இருக்கட்டுமேன்னு சைட் பேர் வாரியா சார்ட் பண்ணேன். எல்லாருக்கும் பொதுவான, 10.0.0.0/8ல இருந்து வர்ற எதுவும் சாதாரண கிளாஸ்னு கடைசில இருக்க வேண்டிய ரூல் அகர வரிசைல உச்சிக்குப் போய் உக்காந்துக்கிச்சு. அதுக்குக் கீழ இருக்கிற ரெண்டாயிரம் ரூலுக்கும் வேலையே இல்ல. நல்லவேளை இது லேப் சிஸ்டத்துல நடந்துச்சு. அன்னைல இருந்து எக்ஸ்போர்ட் பண்ண உடனே பண்ற முதல் வேலை, வரிசைன்னு ஒரு காலம் சேத்து 10, 20, 30ன்னு எண்ணு போட்டுடறது. நடுவுல புது ரூல் நுழைக்க 15 இருக்கும், எப்படிக் கலைச்சாலும் திரும்ப அடுக்கிடலாம். ஏத்தறதுக்கு முன்னாடி அந்த வரிசைப்படி அடுக்கிட்டு காலத்தை ஸ்க்ரிப்ட் கழட்டிடும்.

காலியா இருக்கிற செல்லுக்கு என்ன அர்த்தம்னு உங்க டூல் மேனுவலைப் படிச்சாவது, ஒரே ஒரு ரூலை வெச்சு சோதிச்சாவது தெரிஞ்சுக்குங்க. மூணு அர்த்தம் இருக்கலாம். பழசை அப்படியே வை. பழசை அழிச்சுடு. எதுவா இருந்தாலும் பொருந்தும். மூணாவது அர்த்தத்துல ஒரு டெஸ்டினேஷன் செல் காலியா விட்டீங்கன்னா, அந்த சப்நெட்ல இருந்து கிளம்புற பேக்கப்பும் ஈஎஃப் மார்க்கோட வாய்ஸ் க்யூல ஏறும். வாய்ஸ் க்யூவுக்கு ஒரு உச்சவரம்பு போட்டிருப்போம், லிங்க்ல மூணுல ஒரு பங்கைத் தாண்டக்கூடாதுன்னு, அதைத் தாண்டினா எது வாய்ஸ் எது பேக்கப்னு பாக்காம வெட்டும். எங்க டெம்ப்ளேட்ல காலி செல்லுக்கு இடமே இல்ல. எதுவும்னா எதுவும்னு எழுதணும், மாத்தாதேன்னா மாத்தாதேன்னு எழுதணும்.

இதோட அண்ணன் ஒருத்தன் இருக்கான், இம்போர்ட் ஸ்க்ரீன்ல சேர் அல்லது மாற்றுன்னு ரெண்டு ஆப்ஷன். கூட வேலை பாக்கற ஒருத்தர் 40 ரோ மட்டும் இருக்கிற ஃபைலை மாற்றுல வெச்சு ஏத்திட்டார். மொத்த ரூலும் போய் நாப்பது மட்டும் மிஞ்சிச்சு. அப்பவும் நெட்வொர்க் நிக்கல பாருங்க, எல்லாம் சாதாரண க்யூல போய்ட்டிருந்துச்சு. அவருக்கே ஏதோ உறுத்தி லிஸ்டைத் திறந்து பாத்ததால அரை மணி நேரத்துல பழைய எக்ஸ்போர்ட்டை ஏத்தி மீட்டோம். அந்தப் பழைய எக்ஸ்போர்ட் இருந்ததும் அதிர்ஷ்டம்தான், அவர் அதைத் திருத்தி அதே பேர்ல சேவ் பண்ணாம விட்டிருந்தார்.

ஸ்க்ரிப்ட்ல இருந்து டூலோட நேரா பேச ஏபிஐ இருக்கே, எதுக்கு இந்த ஷீட் கூத்துன்னு கேப்பீங்க. எனக்கும் ஆசைதான். ஆனா எந்த அப்ளிகேஷன் எந்த போர்ட்ல பேசுது, எந்த சைட்ல எந்த சப்நெட் புதுசுன்னு தெரிஞ்சவங்க நெட்வொர்க் டீம்ல இல்ல. அவங்களுக்கு ஷீட் வரும், யாமல் மாதிரி ப்ரோக்ராமர் எழுதுற ஃபைல் வராது. ஷீட்டைப் பிடுங்கினா மெயில்ல பத்தி பத்தியா எழுதி அனுப்புவாங்க, அதை நான் டைப் பண்ணணும், அதுக்கு ஷீட்டே மேல். அதனால நான் பண்ண ஏற்பாடு, மனுஷங்க ஷீட்ல எழுதட்டும், டூலுக்குள்ள போற ஃபைலை மனுஷங்க தொடக்கூடாது. நடுவுல ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட்.

ஸ்க்ரிப்ட் ஒண்ணும் பெரிய சமாச்சாரம் இல்ல. ஐபி சரி பாக்க பைத்தான்லயே ஐபிஅட்ரஸ்னு ஒரு மாட்யூல் இருக்கு, 10.1.1.5/24ன்னு யாராவது போட்டா இது நெட்வொர்க் இல்ல, ஹோஸ்ட் பிட் இருக்குன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லும். போர்ட் எண்ணா இருந்தா மட்டும் போதாது, எங்க லிஸ்ட்ல இருக்கிற போர்ட்டான்னும் பாக்கும், 53853ன்னு வந்தா நிறுத்திக் கேக்கும். கிளாஸ் பேர்ல எங்களுக்குன்னு அனுமதிச்ச ஆறே பேர், ஏஎஃப்42 உலகத்துல இருக்கலாம், எங்க நெட்வொர்க்ல கிடையாது. ஷீட்லயும் அந்தக் காலத்துக்கு டிராப்டவுன் போட்டாச்சு, ஆனா டிராப்டவுனை மட்டும் நம்பாதீங்க, வெளிய இருந்து பேஸ்ட் பண்ணா அதைத் தாண்டிடலாம். ஷீட்டைப் படிக்க பைத்தான்ல பாண்டாஸ்ங்கற லைப்ரரி யூஸ் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, என்ஏன்னு ரெண்டு எழுத்து இருக்கிற செல்லை அது தானா காலின்னு எடுத்துக்கும். எங்ககிட்ட அந்தக் கோடோட ஒரு சைட்டே இருந்துச்சு, ஸ்க்ரிப்ட் போட்ட முதல் நாளே காணாம போச்சு. எல்லாத்தையும் எழுத்தாவே படி, காலின்னு நீயா முடிவு பண்ணாதேன்னு ரெண்டு ஆப்ஷன் கொடுத்தா சரியாய்டும்.

இன்னொரு செக், மேல இருக்கிற பெரிய ரூல் கீழ இருக்கிற சின்ன ரூலை மறைக்குதான்னு பாக்கறது. சப்நெட்டுக்குள்ள சப்நெட், போர்ட் ரேஞ்சுக்குள்ள போர்ட், அவ்வளவுதான் லாஜிக். முதல் தடவை ஓட்டினப்போ 300க்கும் மேல மறைஞ்சு கிடந்துச்சு.

புதுசா ஒரு டூல் கைக்கு வந்தா முதல்ல பண்ண வேண்டியதுன்னு நான் சொல்றது இதுதான். எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ஒரு எழுத்தும் மாத்தாம திரும்ப இம்போர்ட் பண்ணுங்க, மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு ஃபைலையும் டிஃப் போடுங்க, அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டு வித்தியாசம் பாருங்க. ஒரே மாதிரி இருக்கணும். எங்களுது இல்ல. விளக்கக் காலம்ல 64 எழுத்துக்கு மேல இருந்ததை வெட்டியிருந்துச்சு, டிசேபிள் பண்ணி வெச்சிருந்த ரூலையெல்லாம் எனேபிள் பண்ணியிருந்துச்சு. எதையுமே மாத்தாதபோதே இவ்வளவு மாறுதுன்னா மாத்தும்போது என்ன ஆகும்னு யோசிங்க. லேப் இல்லாதவங்க ஒரு ரூலை மட்டும் வெச்சாவது இதைப் பண்ணிப் பாருங்க.

நிஜ இம்போர்ட் அன்னிக்கு ஒரே ரூல், அப்புறம் பத்து, அப்புறம் ஒரு முழு சைட், அதோட அன்னைக்கு நிறுத்திடுவேன். மறுநாள் நெரிசல் நேரம் தாண்டினப்புறம் மீதி. பச்சைக் கலர் மெசேஜை நம்பாம திரும்ப எக்ஸ்போர்ட் எடுத்து ஷீட்டோட டிஃப் போடுவேன். பாதில நின்னா என்ன ஆகும்னும் முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கணும், சில டூல் மொத்தமும் சரியா இருந்தாத்தான் ஏத்தும், சிலது 613வது ரோவுல முட்டினா 612ஐ ஏத்திட்டு நின்னுடும்.

டூல்ல ஏறினதும் டிவைஸ்ல இறங்கினதும் ஒண்ணு இல்ல, இதை ஒரு பழைய ஸ்விட்ச் எனக்குக் கத்துக் கொடுத்துச்சு. ரூலெல்லாம் ஹார்ட்வேர்ல டிகாம்னு ஒரு மெமரில போய் உக்காரும், அதுல இடம் கம்மி. போர்ட் ரேஞ்சை அது அப்படியே வெச்சுக்காது, ரெண்டின் அடுக்கா துண்டு துண்டா வெட்டி வெச்சுக்கும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆடியோவுக்கு வழக்கமா கொடுக்கிற 50000ல இருந்து 50019, இருபது போர்ட், இது ரெண்டு துண்டுல முடிஞ்சுடும், 16ம் 4ம். வீடியோவோட 50020ல இருந்து 50039ம் இருபதுதான், ஆனா மூணு துண்டு, ஏன்னா ஆரம்பிக்கிற இடம் வாகா இல்ல. ஒருத்தர் ஏதோ ஒரு அப்ளிகேஷனுக்கு 1ல இருந்து 65534ன்னு எழுதியிருந்தார், எல்லாம்னு சொல்றதுக்குப் பதிலா. அது ஒண்ணே 30 துண்டு. சோர்ஸ் போர்ட்டுக்கும் டெஸ்டினேஷன் போர்ட்டுக்கும் ரெண்டுக்கும் அப்படிக் கொடுத்தா பெருக்கிக்குங்க, 900. டூல்ல ஒரு ரோ, ஸ்விட்ச்ல இடமே இல்ல. சில மாடல்ல ஹார்ட்வேர் நிரம்பினா ரூல் இறங்காது, லாக்ல ஒரு வரி வரும், அந்த வரியை யாரும் படிக்க மாட்டோம். இப்ப ஸ்க்ரிப்ட்லயே ஒவ்வொரு ரேஞ்சும் எத்தனை துண்டாகும்னு கணக்குப் போட்டு பத்தைத் தாண்டினா கேள்வி கேக்க வெச்சிருக்கேன்.

டெஸ்ட் எப்படின்னா, ஐபெர்ஃப்3ங்கற டெஸ்ட் டிராஃபிக் அனுப்புற டூல்ல அந்த வீடியோ சோர்ஸ் போர்ட்டையே கட்டாயமா கொடுத்து கொஞ்சம் யுடிபி பாக்கெட் அனுப்பி, அந்தப் பக்கம் கேப்சர்ல டிஓஎஸ் பைட் 136 வருதான்னு பாக்கறது. டெஸ்க், ரூம், வைஃபை மூணுலயும் தனித்தனியா. வைஃபைல இருந்து டெஸ்ட் பண்ணாம விட்டதுக்கு நான் கொடுத்த விலை உங்களுக்கே தெரியும்.

போர்ட் வெச்சுப் பிரிக்கிறதே இன்னும் எத்தனை நாளைக்குன்னு வேற ஒரு கவலை, எல்லாமே 443க்குள்ள போய் ஒளிஞ்சுக்குது, யுடிபி மேல ஓடுற க்விக்ங்கற புரோட்டோகால் வந்தப்புறம் யுடிபி 443 பாதி பிரவுசிங் பாதி மீட்டிங்னு கலந்து கிடக்கு, அப்ளிகேஷனை டூல் தானா அடையாளம் காணும்னு நம்பி அந்தக் காலத்தை நிரப்ப வேண்டியிருக்கு. அதைத் தனியா ஒரு நாள் எழுதணும்.

வைஃபை டீம் லீடுகிட்ட போய் நேர்ல சொன்னேன், தப்பு என்னுதுன்னு. மனுஷன் திட்டல. “ஆக்சஸ் பாயின்ட் கழட்டினப்போவாவது சொல்லியிருக்கலாமேப்பா”ன்னார். எனக்கே அப்பத் தெரியாதுண்ணேன்னு சொன்னேன், அவர் நம்பினாரான்னு தெரியல.

இப்ப ஒரு ரூல் எத்தனை பாக்கெட்டைப் பிடிச்சுதுன்னு எண்ணுற ஹிட் கவுன்டர் காலத்தையும் எக்ஸ்போர்ட்டோட இழுத்து ஷீட்ல சேத்திருக்கேன். மூணு மாசமா ஒரு பாக்கெட்கூடப் பிடிக்காத ரூல் 143 இருக்கு. அதுல எது போர்ட் தப்பினால சும்மா இருக்கு, எது வருஷத்துக்கு ஒரு தடவை ஓடுற வேலைக்காகக் காத்திருக்குன்னு ஒவ்வொண்ணா கேக்கணும். ஓனர்னு ஒரு காலம் இருக்கு, பேரும் இருக்கு, அதுல பாதிப் பேர் இப்ப இங்க வேலை பாக்கல.